கழற்றி வைத்த ஃபோல்டர்

இந்த நோட்டைப் பார்த்து டைப் செய்யப்போகிற அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் பெரிய ‘ற’, எந்த இடத்தில் சின்ன ‘ர’ என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். திருத்தாமல் விட்டால் இதைப் படிக்கப்போகிறவருக்குத்தான் சிரமம். அவர் கண்ணால் படிப்பதில்லை. கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்பவர். நான் தப்பாக எழுதியதை அந்தக் குரல் தப்பாகவே அவர் காதில் போடும்.

அவரைச் சார் என்றே எழுதுகிறேன். நேரில் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வயதில் என்னைவிட ஐந்தாறு வருடம் சின்னவர். என்னை அண்ணே என்பார்.

நான் சிம்மக்கல்லில் ஒரு மாடிக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, நல்ல பாகங்களைக் கழற்றி, ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி, ஓடவைத்து விற்கிற கடை. முதலாளி பாய் கீழே வாசலில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுவார். நான் மேலே திருப்புளியோடு இருப்பேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது மேலே ஏறி வந்து கேள்வி கேட்டால் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொள்வேன். பாய்க்கு இது தெரியும். அதனால் யாரையும் மேலே அனுப்ப மாட்டார். சார் ஒருவரைத் தவிர.

சாரிடம் எனக்குக் கூச்சம் குறைவு. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் என் வாய் கொஞ்சம் திறக்கும்.

அவர் ஒரு ஜவுளிக்கடையில் போன் ஆபரேட்டராக இருந்தவர். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வேலை இல்லாமல் இருந்தார். போன வருடம் ஒரு வேலைக்கு அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சைக் கேட்டுத் தமிழில் டைப் செய்து கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். தேர்வும் வீட்டிலிருந்தே, அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரில். சரியாக மூன்று மணிக்குத் தொடங்கும், தவறினால் மறுபடி கிடையாது என்று சொல்லியிருந்தார்கள்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு அவருடைய பழைய பெட்டியின் போர்டு எரிந்துபோயிற்று. கடையில் இருந்த வேறு பெட்டியை எடுத்து, காசு கொடுத்து வாங்க வேண்டாத லினக்ஸ் போட்டு, அவருடைய பழைய டிஸ்க்கையும் உள்ளே மாட்டிக் கொடுத்தேன். எல்லாம் ஓடியது. குரல் மட்டும் ஓடவில்லை.

அந்தக் குரல் ஒரு புரோகிராம். யாரோ நாலு பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நெட்டில் போட்டது. அவர்கள் அதை விட்டுவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. சார் டைப் செய்யும் தமிழை அது அவருக்குத் திருப்பி வாசிக்கும். அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிரியாது, டின்னில் கொண்டைக்கடலை கொட்டுவது போல இருக்கும். அவர் காது அதற்குள் ஒற்றைத் தப்பையும் பிடிக்கும். வேறு குரல்கள் கிடைக்கத்தான் செய்தன. தேர்வு அன்றைக்குப் புதுக் குரலுக்குக் காதைப் பழக்க முடியாது என்றார்.

தேர்வு நாள் காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் பெட்டியோடு வந்துவிட்டார். அன்றைக்குச் சிம்மக்கல் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. பத்து மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயந்திரம்தான் கொடுப்பார்கள்.

“ரெண்டு மணி நேரம் இருக்குண்ணே. போதுமா?” என்றார்.

“பாப்போம் சார்.”

குரலைப் புதிதாகக் கட்டிப் பார்த்தோம். எழுதிவைத்த மூலத்திலிருந்து ஓடுகிற புரோகிராமாக ஆக்குவதை எங்கள் கடையில் கட்டுவது என்போம். பத்து வருடத்துக்கு முன் சார் தானே கட்டியதுதான். அதன் மூலமெல்லாம் பழைய டிஸ்க்கில் இருந்தது. இப்போது பாதியில் நின்று ஆங்கிலத்தில் கத்தியது.

எனக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறும் தெரியும். சேர்த்துப் படித்தால் அர்த்தம் தெரியாது. கட்டளைகளை, தெருவில் ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது போல, உருவம் பார்த்து வைத்திருக்கிறேன். சாருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், திரை தெரியாது. அதனால் நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் சேர்த்துப் புரிந்துகொள்வார். ஒரு வரியைச் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

“சவுண்டு லைப்ரரி வெர்ஷன் ஒத்துப்போகலண்ணே,” என்றார்.

ஒரு புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்யாது. சத்தம் எழுப்ப, எழுத்தைப் பிரிக்க என்று பொதுவாகச் சில கோப்புகள் இருக்கும், அவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவற்றுக்குத்தான் லைப்ரரி என்று பெயர். குரல் கேட்டது பழைய வெர்ஷன். பெட்டியில் இருந்தது புதியது. புதியதில் சில வேலைகளின் பெயரையே மாற்றிவிட்டார்கள். குரல் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, யாரும் திரும்பவில்லை.

பாய் கீழேயிருந்து சத்தம் போட்டார். “சார், டீ சொல்லியிருக்கேன், இறங்கி வாங்க. அவனைத் தனியா விட்டாத்தான் வேலை நடக்கும்.”

சார் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார்.

நான் தனியாக இருந்தபோது செய்ததைத்தான் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு பெட்டியில் ஒரு பாகம் சரியில்லை என்றால், ஓடுகிற இன்னொரு பெட்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்போம். யோசிப்பதைவிட மாட்டிப் பார்ப்பது சுலபம். பழைய டிஸ்க்கில் குரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய லைப்ரரி எல்லாம் அங்கேயே இருக்கிறது. கழற்றி இங்கே மாட்டினால் என்ன?

ஒன்றை எடுத்துப் போட்டேன். இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டேன். அடுத்தது கேட்டது. ஏழாவதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மணி எட்டேமுக்கால். பழைய டிஸ்க்கின் லைப்ரரி ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கிப் புதியதன் மேல் போடும் கட்டளையை அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. என்ன இருக்கிறது என்று பார்க்கும் கட்டளையை அடித்தேன். இரண்டே எழுத்து, எந்தப் பெட்டியிலும் பதில் சொல்லும். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வேறு கட்டளை அடித்தேன். அதே வரி. எதை அடித்தாலும் அதே வரி.

 கட்டளை, புரோகிராம் என்று பெட்டியில் உள்ள எல்லா வேலைக்காரர்களும் அந்த ஃபோல்டரை நம்பித்தான் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குரலுக்காக எல்லாருடைய கையையும் எடுத்துவிட்டேன்.

சார் படியேறி வரும் சத்தம் கேட்டது. கைப்பிடியைத் தடவி, ஒவ்வொரு படியாக.

“என்னண்ணே, ஆச்சா?”

“எதுவும் ஓட மாட்டேங்குது சார்.”

“எதுவுமேவா? என்ன சொல்லுது, எழுத்தைச் சொல்லுங்க.”

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

“அடிப்படை லைப்ரரியே போச்சா? இப்ப வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. ஏதும் செஞ்சீங்களா?”

“தெரியல சார்.”

செய்யவில்லை என்று சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

அவர் நம்பிவிட்டார். அதுதான் கொடுமை. நான் செய்திருக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டு, டிஸ்க் கெட்டுப்போயிருக்கும் என்று முடிவுசெய்தார். கேபிளை மாற்றச் சொன்னார். மாற்றினேன். டிஸ்க்கில் காதை வைத்துச் சத்தம் கேட்டார். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். அப்படியே இருபது நிமிடம் போயிற்று. சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதும் கேபிளைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

பாய் மேலே வந்து பார்த்தார். “ஏன் மாப்ள, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“டிஸ்க் போச்சு பாய்,” என்றார் சார். “விடுங்க. நம்ம நேரம்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் திருப்புளியைப் பார்த்தேன். அவர் இறங்கிவிட்டார்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்து போனை வாயருகில் வைத்தார். அது நாம் பேசுவதை எழுதிக்கொள்ளும் போன். நிதானமாக, ஆபீஸ் கடிதம் போலச் சொன்னார். “மதிப்பிற்குரியீர். கணினி பழுதானதால் இன்றைய தேர்வில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை. வாய்ப்புக்கு நன்றி.”

போன் அதைத் திருப்பி வாசித்தது. வாய்ப்புக்கு நன்றி என்று முடித்தது. அனுப்புகிற இடத்தைத் தேடி அவர் விரல் திரையில் நகர்ந்தது.

“சார், அனுப்பாதீங்க.”

விரல் நின்றது.

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நான்தான் செஞ்சேன். பழைய லைப்ரரியை மொத்தமா எடுத்து இதுமேல போட்டுட்டேன்.”

சார் போனை மடியில் வைத்தார். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போயிற்று.

“எப்ப?”

“நீங்க டீ குடிக்கப் போனப்ப.”

“அம்புட்டு நேரமா என்னைய கேபிள் மாத்தச் சொல்ல விட்டுட்டுச் சும்மாவா இருந்தீங்க?”

கழற்றிய கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

“புதுசு போச்சா? மேல எழுதினா புதுசு அழிஞ்சிருக்குமேண்ணே.”

“இல்ல சார். அதைக் கழட்டி வச்சிருக்கேன்.”

“என்னது?”

“போடுறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வேற ஃபோல்டர்ல வச்சேன்.”

இதையும் எங்கள் தொழில்தான் சொல்லிக்கொடுத்தது. பெட்டியிலிருந்து கழற்றிய எதையும், கெட்ட ஸ்குருவாக இருந்தாலும், ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்வரை எறிய மாட்டோம். ஒரு டிபன்பாக்ஸ் மூடியில் போட்டுவைப்போம். பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. மொத்தமாகப் போடும் முன் புதிய ஃபோல்டரை அப்படியே ஓரமாக எடுத்து வைத்திருந்தேன். பயத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. வந்தபோதும், அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று விழுங்கிவிட்டேன்.

சார் எழுந்துவிட்டார். “இதை முதல்லயே சொல்லக் கூடாதா! பென்டிரைவ்ல கிளப்புங்க. அதுல உள்ள லினக்ஸுக்குத் தன் லைப்ரரி இருக்கும். அங்கேயிருந்து இந்த டிஸ்க்கைத் திறந்து, கழட்டி வச்சதைத் திரும்ப மாட்டுங்க.”

பென்டிரைவ் என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை வைத்துத்தான் தினமும் பெட்டிகளுக்கு லினக்ஸ் போடுகிறேன். பெட்டி அதிலிருந்து கிளம்பியது. டிஸ்க்கைத் திறந்தேன். ஓரமாக வைத்த ஃபோல்டர் அங்கே இருந்தது. திரும்பப் போடும் கட்டளையை அடித்து, சாருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே பட்டனை அழுத்தினேன்.

மணி ஒன்பது நாற்பத்திரண்டு. பாதி ஓடியிருக்கும், ஃபேன் நின்றது. பத்து மணிக்கு என்றவர்கள் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. நான்கு வருடப் பேட்டரி. கீழே பில் போடும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் அதிலிருந்துதான். நடுவில் நின்றால் புதியதும் பழையதும் கலந்து எதற்கும் ஆகாது.

நான் மாடிப்படியில் நின்று கத்தினேன். கடையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. “பாய்! பில் கம்ப்யூட்டரைப் பிடுங்குங்க! எல்லாத்தையும் பிடுங்குங்க!”

கீழே தடதடவென்று சத்தம் கேட்டது. “பிடுங்கிட்டேன் மாப்ள! என் கல்லாப்பெட்டியைத் தவிர எல்லாம் பிடுங்கியாச்சு!”

பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. சார் யூபிஎஸ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், அது சூடாகிறதா என்று பார்ப்பது போல. திரையில் கோப்புகளின் பெயர்கள் மேலே மேலே ஓடின. பிறகு ஓட்டம் நின்று, அடுத்த கட்டளைக்கான கோடு மினுக்கியது.

“முடிஞ்சிருச்சு சார்.”

“முறையா நிறுத்துங்க. அவசரப்பட்டுப் பிடுங்கிராதீங்க.”

நிறுத்தினேன். பெட்டி தானாகக் கிளம்புமா என்று பார்க்கக் கரண்ட் இல்லை. சாரின் வீடு ஆரப்பாளையத்தில். அங்கே அன்றைக்கு மின்தடை இல்லை. பாய் ஆட்டோவைக் கூப்பிட்டு, “இவனையும் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வரலைன்னாலும் நான் தேட மாட்டேன்,” என்றார்.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சார் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்தேன். பாலம் தாண்டியதும், “பழைய லைப்ரரியையும் அதோட மூலத்துலேருந்து கட்டுவோம்ணே,” என்றார். “ஆனா பொது இடத்துல வைக்கக் கூடாது. தனியா ஒரு ஃபோல்டர். குரலுக்கு மட்டும் அந்தப் பாதையைக் காட்டுவோம். மத்த யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க.”

“தனிக்குடித்தனமா சார்?”

“அதேதான்.” சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது.

வீட்டில் பெட்டி கிளம்பியது. இரண்டு எழுத்துக் கட்டளை பதில் சொன்னது. அதை நான் சாரிடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், தேவையே இல்லாமல்.

ஆனால் பழைய சவுண்டு லைப்ரரியைக் கட்டவே நேரம் பிடித்தது. அதைக் கட்ட வேண்டிய கருவிகள் பெட்டியில் இல்லை, சாரின் போன் வழியாக நெட்டில் இழுத்தோம். மெதுவாக வந்தது. அது முடியப் பன்னிரண்டரை. பிறகு குரலைக் கட்டத் தொடங்கினோம். ஓடியது, நின்றது. பாதையைக் காட்டினோம், மறுபடி கட்டினோம், மறுபடி அதே இடத்தில் அதே கத்தல். சார் பாதையை மூன்று தடவை சொல்லச் சொல்லி மூன்று தடவையும் சரி என்றார். மணி இரண்டைத் தாண்டியது. அவர் வீட்டில் சாதம் வைத்துக் கூப்பிட்டார்கள், இருவரும் போகவில்லை.

“பாதை சரியாத்தான் இருக்கு. அப்பறம் ஏன் கேக்க மாட்டேங்குது?” நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நான் திரையில் ஓடிப்போன பழைய வரிகளை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அர்த்தம் தெரியாது. உருவம் தெரியும். நாங்கள் தனியாக வைத்த ஃபோல்டரின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், காலையிலிருந்து இருபது தடவை அடித்திருக்கிறேன். அந்த நீளமான வரியில் அது இருந்தது. ஆனால் கடைசியில் இருந்தது. அதற்கு முன்னால், முதல் ஆளாக, நான் காலையில் பாழாக்கிய அந்தப் பொது ஃபோல்டரின் பெயர் நின்றது.

சொல்வதா என்று யோசித்தேன். படித்தவர் மூன்று தடவை சரி என்றதை ஐந்தாம் வகுப்பு எப்படித் தப்பு என்பது? காலையில் செய்தது வேறு தடுத்தது. அதே தப்புதான் பேசவும் வைத்தது. காலையில் சும்மா இருந்ததில் எத்தனை நிமிடம் போனது என்று எண்ணிப் பார்த்திருந்தேன்.

“சார், இது முதல்ல பொதுவுலதான் போய்த் தேடுது. நம்ம ஃபோல்டர் வரிசையில கடைசியில நிக்குது.”

சார் தலையைத் தூக்கினார். “வரியைச் சொல்லுங்க. முழுசா.”

சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தினார். “புதுசை முதல்ல பார்த்துட்டு அதோட நின்னுருது. நான் பாதை இருக்கான்னு மட்டும் கேட்டேன், எங்க இருக்குன்னு கேக்கவே இல்ல. முன்னாடி கொண்டு வாங்கண்ணே.”

எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொன்னார். மாற்றினேன். கட்டத் தொடங்கியது. இரண்டு இருபத்தைந்து. நின்ற இடத்தைத் தாண்டியது.  இரண்டு நாற்பதுக்கு முடிந்தது.

சார் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். வேகத்தைக் குறைத்தார், எனக்குப் புரிய வேண்டும் என்று. பிறகு எதையோ டைப் செய்தார். ஸ்பீக்கரிலிருந்து மூக்கடைத்த ஓர் ஆண் குரல் வந்தது.

“அண்ணே, வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. உட்காருங்க.”

நான் நிற்கிறேன் என்பது, என் பேச்சு மேலிருந்து வருவதை வைத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்தேன். 

மூன்று மணிக்குத் தேர்வு தொடங்கியது. குரல் மறுபடி டின்னில் கடலை கொட்டியது. நாற்காலி கிறீச்சிடும் என்று பயந்து அசையாமல் இருந்தேன். கரண்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை.

பத்து நாள் கழித்து வேலை கிடைத்தது என்று கடைக்கு மாடியேறி வந்து சொன்னார். நான் செய்த தப்பை அவர் பாயிடம் சொல்லவே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பாய் இன்றுவரை டிஸ்க்தான் கொஞ்சம் மக்கர் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போகும்போது சார் ஒன்று கேட்டார். “இந்தப் பெட்டியும் ஒருநாள் போகும்ணே. அன்னிக்கு என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு எழுதி வைங்க. டைப் அடிக்க ஆள் இருக்கு. நான் கேட்டுக்கிறேன்.”

சரி என்றேன். கட்டளைகளை மட்டும் எழுதினால் ஒரு பக்கம்தான். செய்யக் கூடாதது என்று வரும்போது, தெரியல சார் என்று நான் சொன்னதையும் எழுத வேண்டும். மொத்தமாகப் போட்டதைவிட அதுதான் பெரிய தப்பு. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தம் இல்லை. அதனால் ஒரு வருடமாக எழுதவில்லை.

இன்றைக்குச் சிம்மக்கல்லில் மறுபடி பராமரிப்பு. கரண்ட் இல்லை, வேலை இல்லை. பாய் கீழே தூங்குகிறார். மாடி ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். கட்டளைகளை நோட்டின் பின்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். சார், வரிசை முக்கியம். நம்முடைய ஃபோல்டரை முதலில் போடச் சொல்லுங்கள்.

2025 ஜூலை 19, சனிக்கிழமை.